டீச்சருக்குப் பூண்டு ஆகாது

ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவின் பெரியோர்களே, பொறுமை.

மூன்று வாரமாக நம் வாட்ஸ்அப் குழுவில் நான் வாயைத் திறக்கவில்லை என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி நடத்துகிறீர்கள். எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்கிறான் ஒருவன். பல் செட் இன்னும் வாயில் உட்காரவில்லையாம், இன்னொருவன் சொல்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே நம் கட்டுமாவடிக்காரன். ஆறாம் வகுப்பில் என் வலப்பக்கம் உட்கார்ந்து, எனக்குத் தெரியாததை எல்லாம் தப்பாகச் சொல்லிக்கொடுத்த அதே ஆள். இன்றைக்கு மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஊர் எப்படியோ தாங்குகிறது. அவன் என்னைச் சந்தையில் பார்த்தானாம். கையும் களவுமாகப் பிடித்து, “என்ன மாப்ள, ரெண்டு கிலோ கொள்ளு வாங்குறே? வீட்ல குதிரை கட்டியிருக்கியா?” என்று கேட்டானாம். நான் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினேனாம்.

ஓடினேன். உண்மைதான்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு நான் அடுப்படியில் நிற்கிறேன். கொள்ளை வறுத்து, மிக்சியில் போட்டுத் துவையல் அரைத்து, மகள் ஆபீசுக்குக் கொண்டுபோக டப்பாவில் அடைக்கிறேன். பூண்டு போடாத துவையல். மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். பூண்டு உரிக்கிற சத்தம் கேட்டாலே மாடியில் ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கிறது. என் மனைவி பக்கத்தில் நின்று, “வறுக்குறீங்களா, எரிக்கிறீங்களா?” என்று தினமும் கேட்கிறாள். இந்தத் துவையலில் எனக்கு நாற்பது வருட அனுபவம் என்று சொன்னால் நம்பவில்லை. ஏன் பூண்டு போடவில்லை, ஏன் நான் அரைக்கிறேன் என்று நீங்கள் கேட்கக்கூடாது. கேட்டால் நான் சொல்லக்கூடாது. மேலிடத்து உத்தரவு.

அதனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய பூண்டைப் பற்றிச் சொல்கிறேன். அதைச் சொல்ல யாரும் தடை போடவில்லை.

அந்த வருடத்து மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மழையைக் கேலண்டரில் மட்டும் பார்க்கிற நம் அன்னவாசலில், ஐப்பசியில் பிடித்தது கார்த்திகை முடிகிறவரை விடவில்லை. நம் வகுப்புக்கு ஓட்டுக்கூரை. ஜன்னலைத் திறந்தால் சாரல் கரும்பலகை வரை வரும் என்று மரக்கதவுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே நாற்பது பிள்ளைகள், நாற்பது ஈரச்சட்டைகள், மூலையில் ஒழுகிக்கொண்டு கிடக்கும் குடைகள். பின்சுவரின் சிமெண்டுப் பலகையில் வரிசையாக டிபன் பாக்ஸ்கள். இரண்டாம் பீரியடுக்குள் எல்லா டப்பாவும் பேச ஆரம்பித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம்.

அதில் உரக்கப் பேசுகிற டப்பா என்னுடையது. அம்மாவுக்கு மழை பெய்தால் கொள்ளு. “குதிரைக்குச் சளி புடிச்சு எங்கயாச்சும் பாத்திருக்கியா?” என்பாள். வறுத்த கொள்ளு, மிளகாய் வற்றல், தேங்காய், புளி, கூடவே ஒரு கை நிறையப் பூண்டு. அம்மியில் மழமழவென்று அரைத்து, சோற்றின் நடுவே குழி பறித்து அதில் உருண்டையாக வைத்து அனுப்புவாள். திங்கள் முதல் வெள்ளி வரை அதேதான். சனிக்கிழமை வயிறு விடுமுறை கேட்கும்.

நம் வகுப்பு டீச்சரை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். மஞ்சள் கைப்பை. கணக்குப் பாடம். தப்பாகப் போட்டால் அடிக்க மாட்டார். நம் நோட்டைக் கொஞ்ச நேரம் வருத்தமாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பள்ளிக்கூடத்தில் அடிக்காத டீச்சர் அவர் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் அறிவியல் வாத்தியார் வருவார், புளிய விளாறோடு. ஆகவே டீச்சருக்கு ஒரு தும்மல் வந்தாலும் நம் நாற்பது பேருக்கும் கவலை வரும். என் தொடைக்கு எல்லோரையும்விடக் கூடுதலாக வரும்.

ஒரு நாள் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். சாக்பீஸ் பிடித்த கையாலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வராந்தா ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

“யாருப்பா பூண்டு கொண்டாந்தது?” என்றார்.

நாற்பது தலையும் பின்சுவர்ப் பலகைப் பக்கம் திரும்பின.

“சரி, யாரா இருந்தாலும் பரவால்ல. நாளையிலேர்ந்து பூண்டு போட்டது யாரும் கொண்டு வராதீங்கப்பா. எனக்கு ஆகல.”

அதட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் கெஞ்சினார். ஒரு டீச்சர் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“ஒன்னோடதுதான்டா மாப்ள,” என்று கட்டுமாவடிக்காரன் காதில் ஊதினான். “ஒன் டப்பாவைத் தொறக்காமலே எனக்குக் கண்ணு எரியுது.”

“ஒன் கருவாடு?”

“கருவாடு கடல் வாசம்டா. அது ஒடம்புக்கு நல்லது.”

அவனுடைய அப்பா கட்டுமாவடிக் கடற்கரையில் மீன் வியாபாரம். இவன் அன்னவாசலில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். கடல் சம்பந்தப்பட்ட எதையும் இவனிடம் எதிர்த்துப் பேச முடியாது.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் பக்குவமாக ஆரம்பித்தேன். “நாளைக்குத் தொவையல்ல பூண்டு வேணாம்மா.”

“ஏன்?”

“புடிக்கல.”

“நேத்து அம்மியில ஒட்டுனதை வழிச்சு நக்குனே.”

“அது நேத்து.”

“பூண்டு போடாத கொள்ளு பிரேக் இல்லாத பஸ்ஸுடா. வயித்துக்குள்ள எங்கிட்டுப் போயி எங்கிட்டு முட்டும்னு சொல்ல முடியாது. பேசாம தின்னு.”

டீச்சர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வருவாள். என் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வருவதைவிட, நான் அறிவியல் வாத்தியாரிடம் தத்துப் போவது மேல்.

காலையில் அம்மா மாட்டில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வர அரை மணி நேரம் ஆகும். அப்பா அதுவரை எழுந்திருக்க மாட்டார். அந்த அரை மணியில் என் சமையல் வாழ்க்கை தொடங்கியது. முதல் நாள் கொள்ளை வறுக்க வேண்டும் என்பதே தெரியாமல் பச்சையாக அரைத்தேன். ஆற்றுமணலுக்கு உப்புப் போட்ட மாதிரி வந்தது. இரண்டாம் நாள் வறுத்தேன். கருகி, வகுப்பே ரயில் எஞ்சின் மாதிரி மணத்தது. இரண்டு நாளும் அம்மா வைத்த பூண்டு உருண்டையைத் தோண்டிக் கோழிக்குப் போட்டுவிட்டு, என் உருண்டையை அந்தக் குழியில் நட்டேன். அந்தக் கோழிகளுக்கு அந்த வருடம் சளியே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் கட்டுமாவடிக்காரனிடம் ஆலோசனை கேட்டேன். என் தலையெழுத்து.

“பூண்டு இல்லாட்டி பெருங்காயம்டா. எங்க மாமி அதான் போடும்.”

“எவ்வளவு?”

“பூண்டு எவ்வளவு போடுவியோ அவ்வளவு.”

ஒரு கை நிறையப் பூண்டு. ஆகவே பெருங்காயக் கட்டியில் பாதியை உடைத்து அம்மியில் வைத்தேன். அன்று நம் வகுப்பில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. முதல் பீரியடிலேயே டீச்சர் இரண்டு முறை வெளியே ஓடினார். மூன்றாவது முறை வகுப்பே அவர் பின்னால் ஓடியது. மழையில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உடம்பு நடுங்கியது. கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு ரவிக்கைக்கு வெளியே தெரிந்தது. மழை பிடித்த மூன்று வாரத்தில் டீச்சர் பாதியாகிவிட்டார் என்பதை அன்றுதான் பார்த்தேன். பாதியைத் தின்றது என் டிபன் பாக்ஸ் என்று முடிவு செய்தேன்.

நான்காம் நாள் யாரையும் கேட்கவில்லை. அப்பாவின் டீக்கு வைத்திருந்த இஞ்சியில் கட்டைவிரல் நகம் அளவு, ஒரு சிட்டிகை சீரகம், கொள்ளைப் பொறுமையாக வறுத்து, தேங்காயைக் கொஞ்சம் கூட்டி. எப்படி அமைந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பயத்தில் செய்கிற சமையலுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு போலிருக்கிறது.

மத்தியானம் டீச்சர் தன் டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடினார். தினமும் அப்படித்தான். அன்று என் பெஞ்சைக் கடக்கும்போது நின்றார்.

“என்னடா அது?”

“கொள்ளுத் தொவையல் டீச்சர். சத்தியமா பூண்டு இல்ல.”

“கொஞ்சம் குடு.”

தன் வெறும் சோற்றில் அதைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். திரி கொளுத்திய வெடியைப் பார்க்கிற மாதிரி நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. இன்னொரு வாய். பிறகு டப்பா முழுவதும்.

“நிக்குதுடா,” என்றார். கண் கலங்கியிருந்தது.

“எது டீச்சர்?”

“ஒண்ணுமில்ல. நாளைக்கும் கொண்டு வாரியா? கொஞ்சூண்டு போதும்.”

அன்றிலிருந்து டீச்சருக்குத் தனியாக ஒரு சம்புடம். எவர்சில்வரில், கொய்யாப்பழம் அளவு, திருகு மூடி போட்டது. அம்மாவின் சீர்வரிசையில் வந்தது. அவள் அதில் ஏலக்காய் வைத்திருந்தாள். ஏலக்காயைக் காகிதத்தில் கொட்டிவிட்டுச் சம்புடத்தை எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் ஓடியது. டீச்சர் அந்த ஒரு டப்பாவில் உயிர் வாழ்ந்தார். நான் பயத்தில் வாழ்ந்தேன்.

அம்மாவிடம் நான் மாட்டிக்கொண்டது ஏலக்காயால் இல்லை, சுத்தத்தால். தின்ற தட்டைக்கூட நகர்த்தாத பயல் இருக்கிற வீட்டில் தினமும் காலையில் அம்மி கழுவியிருந்தால் எந்தத் தாய்க்குத்தான் சந்தேகம் வராது? பால் தூக்கோடு பாதி வழியில் திரும்பி வந்தாள். கையில் குழவியோடு நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கடைசி வரியை மட்டும்தான் கேட்டாள். “என் சமையல் நாறுதுன்னு சொன்னாங்களா ஒங்க டீச்சரு?”

“நாறுதுன்னு சொல்லலம்மா, ஆகலன்னுதான்…”

“எட்றா கொடைய.”

நாங்கள் போனபோது முதல் மணி அடிக்கவில்லை. டீச்சர் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா வழிநெடுகத் தயார் செய்துகொண்டு வந்த வசனம் தொண்டை வரை வந்திருக்கும். நானோ தூணுக்குப் பின்னால் ஒளிய இடம் பார்த்துவிட்டேன். டீச்சர் எழுந்து, “வாங்கம்மா” என்று சொல்லி முடிக்கும் முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடையைச் சுருக்கினாள். அவள் குரல் எனக்குத் தெரியாத ஒரு குரலாக மாறியது.

“எத்தனை நாளாச்சு டீச்சர்?”

டீச்சர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். “போயி ஆபீஸ் ரூம்ல சாக்பீஸ் வாங்கிட்டு வா,” என்றார் டீச்சர். மேசையில் ஒரு பெட்டி சாக்பீஸ் இருந்தது. பெரியவர்களுக்கு அது கண்ணில் படாது.

வாங்கி வந்தபோது டீச்சர் அழுதுகொண்டிருந்தார். சண்டைக்கு வந்த என் அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த வரிசையில் இது நடந்தது என்று என்னால் கணிக்க முடியவில்லை. திரும்பி நடக்கையில் அம்மா சொன்னாள்: “ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கக்கூடாது.”

“எதைப் பத்தி?”

“எதைப் பத்தியும்.”

மறுநாளிலிருந்து அம்மாவே பூண்டு போடாமல் அரைத்தாள், என் இஞ்சியைத் தன் கண்டுபிடிப்பு மாதிரி போட்டு. இரண்டு வாரம் நான் விரலைச் சுட்டுக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சம்புடத்தை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது. என் அம்மா சண்டையை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்படி என்றால் டீச்சருக்குப் பெரிய வியாதி.

நிபுணரிடம் போனேன். கட்டுமாவடிக்காரன் எல்லாவற்றையும் கேட்டான். வாந்தி, ஒட்டிய கன்னம், அழுகை, அம்மாவின் முணுமுணுப்பு. தலையை ஆட்டினான். “எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது. வயித்துல.”

“வயித்துல என்ன?”

“பேரைச் சொல்லக்கூடாது. சொன்னா நமக்கும் வந்துரும்.”

“பெரியப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“போன வருசம் திதி குடுத்தோம்.”

அன்று சாயங்காலம் ஊருணிக்கரைப் பிள்ளையார் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். வியாதியின் பெயரைச் சொல்லக்கூடாது என்று அவன் மறுபடியும் எச்சரித்தான். ஆகவே நான் சத்தமாக, தெளிவாக, இப்படி வேண்டிக்கொண்டேன்: “புள்ளையாரப்பா, டீச்சர் வயித்துல இருக்கிறது போயிரணும். போயிட்டா ஆயுசுக்கும் நான் பூண்டைக் கையால தொட மாட்டேன்.” மூன்று குட்டு, பதினொரு தோப்புக்கரணம். மனசு லேசானது. துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சிரித்த முகத்தோடு அப்பாவிடம் சொன்னாள்: “இவன் டீச்சரு உண்டாயிருக்காங்க. இன்னையோட மூணு மாசம் முடிஞ்சுது. இனி வெளிய சொல்லலாம். எட்டு வருசம் கழிச்சு. இதுக்கு முந்தி ரெண்டு தரம் தங்கலையாம், பாவம்.”

சோறு என் கையிலேயே நின்றது.

வயிற்றில் இருந்தது அதுதானா? நான் போகச் சொன்னது அதைத்தானா?

பெரியோர்களே, அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எத்தனையோ பயங்கள் வந்து போய்விட்டன. வேலை போகும் என்ற பயம், பைபாஸ் சாலையில் லாரிக்கு எதிரே வண்டி நின்றுபோன பயம். அந்தச் சோற்று உருண்டைப் பயத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை. இரவெல்லாம் யோசித்துக் காலையில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ‘போயிட்டா பூண்டு தொட மாட்டேன்’ என்பதுதானே பேச்சு? நான் பூண்டு தின்றுவிட்டால்? பேச்சு ரத்து. பிள்ளையார் தன் பங்கைச் செய்ய வேண்டியதில்லை.

ஒரு முழுப் பூண்டை எடுத்துக்கொண்டு ஊருணிக்கரைக்கு ஓடினேன். அவர் கண் எதிரே, ஒவ்வொரு பல்லாக உரித்து, பச்சையாக, அவர் பார்க்கிறாரா என்று பார்த்துப் பார்த்து மென்றேன். நாக்கு எரிந்தது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். கடைசிப் பல்லை விழுங்கிவிட்டு, “பாத்துக்கிட்டியா?” என்று கேட்டேன். பிறகு அதே வாயோடு பள்ளிக்கூடம் போனேன். அறிவு அவ்வளவுதான்.

டீச்சர் சம்புடத்தை வாங்க அருகில் வந்தார். நான், “இந்தாங்க டீச்சர்,” என்று வாயைத் திறந்தேன்.

அப்படி ஒரு வாந்தியை அந்த வருடம் முழுவதும் நான் பார்க்கவில்லை. டீச்சர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் ஓடிவந்தார். மத்தியான பஸ்ஸில் அவரை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். மஞ்சள் கைப்பை, அதற்குள் என் சம்புடம். மறுநாள் டீச்சர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அரையாண்டுப் பரீட்சை வந்தது, பொங்கல் வந்தது. டீச்சர் நீண்ட லீவு என்றார்கள். புளிய விளாறு வந்தது. தினமும் வாங்கினேன், அது எனக்கு நியாயமான தண்டனை என்ற நினைப்போடு.

டீச்சருக்கு என்ன ஆனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே. தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளையார் முன்னால் ஒரு பல் பூண்டை மென்று காட்டிவிட்டுப் போனேன், ஒரு நாள் விட்டால்கூடப் பழைய பேச்சு உயிர் பெற்றுவிடும் என்று. தையில், மாசியில், கோடை விடுமுறையில்கூட. கட்டுமாவடிக்காரன் பெஞ்சின் அந்த ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தான். அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னாள்: “முன்னாடி பூண்டே வேணாம்பான். இப்ப பாருங்க, புத்தி வந்துருச்சு.”

ஆனி மாதம், ஏழாம் வகுப்பு தொடங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா என்னைத் தலை சீவி, பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு வீட்டு வாசலில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. உள்ளே டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார், முழு டீச்சராக, கன்னமெல்லாம் திரும்பி வந்து. பக்கத்தில் துணிச்சுருளுக்குள் சிவப்பாக ஒரு முகம் கொட்டாவி விட்டது.

“வாடா,” என்றார் டீச்சர். “இவதான். ஒன் தொவையல்ல தங்குனவ.”

நான் அழுத அழுகையைப் பார்த்து அந்தக் குழந்தையே பயந்து வீரிட்டது. எதற்கு அழுகிறேன் என்று கேட்டார்கள். பிள்ளையார், ‘போயிரணும்’, பூண்டு, ஆறு மாதம், எல்லாம் விக்கலோடு வெளியே வந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

“டீச்சரை டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னாங்கன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. மாசாமாசம் கடுதாசி வந்துச்சு. நீ எங்க கேட்டே?”

“நீ எங்க சொன்னே?”

அம்மா கிட்டே வந்தாள். ஈரமான என் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, “வாயெல்லாம் பூண்டு நாத்தம், அங்கிட்டுத் திரும்பி அழு,” என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் கேட்பாள்.

கிளம்பும்போது டீச்சர் சம்புடத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று உள்ளே கற்கண்டு போட்டிருந்தார். பஸ்ஸிலேயே தின்று தீர்த்தேன். அந்தச் சம்புடம் பிறகு நாங்கள் வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. இந்த மூன்று வாரமாகப் பரணை இரண்டு முறை குடைந்துவிட்டேன். கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் டப்பாவில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

மூன்று மாதம் முடிகிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்ற அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ முறை கிண்டல் அடித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பயல் ஆறு மாதம் பச்சைப் பூண்டு தின்றிருக்க வேண்டியதில்லையே. அந்த எரிச்சலில்தான் போன வருடம், மகளின் சோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றைக்கே, இந்தக் குழுவில் போட்டு உடைத்தேன். ‘தாத்தா ஆகப்போகிறேன், வயதானவர்கள் வாழ்த்தலாம்’ என்று எழுதினேன். நீங்கள் லட்டுப் படமாக அனுப்பித் தள்ளினீர்கள். ஒரு மாதத்தில் அது இல்லை என்று ஆனது. லட்டு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், சவரக்கடையில். “என்ன தாத்தா, எப்ப விருந்து?” என்று கேட்டவனிடம் எனக்கு ஜோக் வரவில்லை. மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டீச்சர் ஏன் என்னைச் சாக்பீஸ் வாங்க அனுப்பினார் என்று அப்போதுதான் புரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாரம் என்று இரண்டு முறை தெரிந்துகொண்டவர் அவர்.

எனவேதான் நண்பர்களே, மூன்று வாரமாக வாயில் பூட்டு. போன வாரம் ஊருணிக்கரைப் பிள்ளையாரிடமும் போனேன். இப்போது கம்பிக்கதவு போட்டு, டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் அதே ஆள்தான். இந்த முறை மொட்டையாகப் பேசவில்லை. மகள் பெயர், நட்சத்திரம், தெரு, கதவு எண் எல்லாம் சொல்லி, “உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கணும், பத்து மாசமும் இருந்துட்டுத்தான் வரணும்,” என்று பத்திரம் எழுதுகிறவன் மாதிரி விளக்கினேன். போகிற போக்கில், பழைய பேச்சு ஒருவேளை இன்னும் ரத்தாகாமல் இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. பையில் கொண்டுபோன பூண்டில் ஒரு பல்லை மென்றேன்.

வீட்டுக்கு வந்தேன். மகள் மாடிப்படியில் பாதி இறங்கியவள் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினாள். மனைவி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“வீட்டுல பூண்டு கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே? இப்ப நீங்களே தெருவுல நின்னு தின்னுட்டு வாரீங்களா?”

ஐம்பது வயதைத் தாண்டியும் அறிவு அவ்வளவுதான். அன்று முழுவதும் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சாப்பாடும் அங்கேயே வந்தது.

அங்கே உட்கார்ந்துதான் இதையெல்லாம் போனில் தட்ட ஆரம்பித்தேன். அனுப்பவில்லை. அடுப்படி கேலண்டரில் மனைவி ஒரு தேதியைச் சிவப்பு மையில் சுழித்திருந்தாள். அதற்கு முன்னால் அனுப்பினால் போனோடு என்னையும் கிணற்றில் போடுவதாக ஏற்பாடு. தினமும் காலையில் கொள்ளு வறுத்துக்கொண்டே அந்தத் தேதியைப் பார்ப்பேன். அது நகராது. பின்னக் கணக்கு மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும்.

இன்று காலையும் வறுத்துக்கொண்டிருந்தேன். மனைவி வந்து அடுப்பைச் சிம்மில் வைத்தாள். எரிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. சிவப்புச் சுழி போட்ட கேலண்டர் தாளை நிதானமாகக் கிழித்து, மடித்து, மஞ்சள்தூள் டப்பாவுக்குள் பத்திரமாக வைத்தாள். வெளியே போகிறவள் நிலைப்படியில் நின்று, திரும்பாமல் சொன்னாள்:

“சரி, அனுப்பித் தொலைங்க.”